வாடகை கேட்டதும் சிரித்த வீடு

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. திருவாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தை மாசத்தில் ஒருநாள் சாயங்காலம் நானும் என் கணவரும் ஓர் இரவல் காரில் திருவனந்தபுரத்துக்குள் நுழைந்து, தங்குவதற்கு மலிவாக ஓர் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தோம். கடைசியில் நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

நான் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கொழும்பில். அவருக்கு அங்கே ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை. பெரியவர்களுக்குத் திருநெல்வேலிச் சீமை சொந்த ஊர் என்றாலும் எனக்கு இந்தியா வெளிநாடுதான். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கப்பலேறித்தான் வர வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் இருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் தம்முடைய பழைய காரைக் கொடுத்து உதவினார். நாகர்கோவில், தக்கலை என்று ஊர்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் போய்த் திருவனந்தபுரத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு, அப்புறம் பொன்முடி மலை ஏறுவது என்று திட்டம்.

உல்லாசப் பயணம் என்று நினைக்காதீர்கள். அதற்கு முந்தின வருஷம் எங்கள் முதல் குழந்தை ஜுரத்தில் போய்விட்டாள். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அது ஆகிக் கொஞ்ச நாளில், தெரிந்தவர் வீட்டுச் சீமந்தம் ஒன்றுக்குப் போனேன். மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக எல்லாரிடமும் வந்தது. என் முறை வந்தபோது, என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போய்விட்டது. நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டேன். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றோடு விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வேண்டிக்கொள்வதும் நின்றுபோயிற்று. சுவாமி முன்னால் விளக்கேற்றுவேன், நமஸ்காரம் பண்ணுவேன், மனசு மட்டும் மரத்துப்போய்க் கிடக்கும். அவளுக்கு உடம்பு கொதித்தபோது நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் பாக்கியில்லை. இனிமேல் யாரிடம் என்ன கேட்பது?

இப்படியே விட்டால் நான் பேச்சையும் மறந்துவிடுவேன் என்று பயந்துதான் இவர் லீவு போட்டு என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தார்.

வழியெல்லாம் எங்களுக்கு உறவுக்காரர்கள் உண்டு. அந்தக் காலத்தில் சொந்தக்காரர் இருக்கும் ஊரில் காசு கொடுத்துத் தங்கினால் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. இவரோ நாகர்கோவிலில் தன் அத்தை வீட்டுத் தெருவைத் தாண்டும்போது ஹாரன்கூட அடிக்காமல், என்னையும் தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார். கேட்டால், “உறவுக்காரா வீடுதான் இருக்கிறதிலேயே செலவு ஜாஸ்தியான லாட்ஜ். வெறுங்கையோட போக முடியுமா?” என்றார். அப்படி ஒரு கஞ்சத்தனமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மலிவான இடம் பிடிப்பதற்கு அவர் ஒரு தனி சாஸ்திரமே வைத்திருந்தார். வாசலில் நின்று கூப்பிடுகிறவனை நம்பக்கூடாது. எதிர்த்தாற்போல் இருக்கும் காப்பிக் கடையில் விசாரிக்க வேண்டும். கொல்லைப்பக்கம் கொடியில் புடவையும் குழந்தைகள் சட்டையும் உலர்ந்தால் குடும்பங்கள் தங்குகிற இடம், தைரியமாகப் போகலாம். வெறும் வேட்டியாக உலர்ந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகையை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லாத இடத்தில் பெட்டியைக் கீழே வைக்கவே கூடாது.

இந்த சாஸ்திரத்தை முதலில் கவிழ்த்தது தக்கலைப் பக்கத்துச் சத்திரம். கொடியில் புடவைகள் அழகாகத்தான் உலர்ந்தன. உள்ளே போனால் மூட்டைப்பூச்சிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. அடுத்த நாள் ஒரு கிராமத்து முசாபரி பங்களாவுக்குப் போனோம். அது சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தங்குகிற இடம். காவல்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். இவர் டையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்ததும் கதவைத் திறந்துவிட்டார். நான் மாசக்கணக்கில் சிரிக்காதவள், அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தேன். அதைப் பார்த்துவிட்டு இவர் ராத்திரி சாப்பிடும்போதுகூட டையைக் கழற்றவில்லை.

திருவனந்தபுரம் வந்தபோது அவர் சாஸ்திரத்துக்கு வேலையே இல்லை. முகூர்த்த நாள் நெருங்கியிருந்ததால் சத்திரங்கள் நிரம்பி வழிந்தன. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகளில் ஒரே வேட்டியாக உலர்ந்துகொண்டிருந்தது. காப்பி சாப்பிட்ட ஓட்டலில் சப்ளையரைக் கேட்டோம். “வலியசாலைப் பக்கம் போய்ப் பாருங்கோ. குடும்பமா வர்றவாளுக்கு மாடி அறை விடற வீடு ஒண்ணு ரெண்டு உண்டு” என்றார்.

அது கோவிலை ஒட்டிய அக்கிரகாரத் தெரு. எங்கள் கார் தயங்கித் தயங்கிப் போகும்போதே ஒரு வீட்டிலிருந்து நடுத்தர வயசுக்காரர் ஒருவர் வேகமாக இறங்கி வந்து, இரண்டு கையையும் நீட்டிக் காரை நிறுத்தினார். “வாங்கோ வாங்கோ! யாத்திரையெல்லாம் சுகமா இருந்ததா? மத்தியானத்திலேருந்து வழி பார்த்துண்டிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தாமே இறக்கிவிட்டார்.

இவர் என் காதருகே, “வாசல்ல நின்னு கூப்பிடறான், ஜாக்கிரதை” என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அறை இருக்கா?” என்று கேட்டார்.

“நன்னாக் கேட்டேளே! உங்களுக்குன்னே மாடியை ஒழிச்சு வெச்சிருக்காக்கும்.”

“வாடகை எப்படி?”

அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் ஜலம் வரும்வரை சிரித்துவிட்டு உள்ளே பார்த்து, “கேட்டியோ, வாடகை கேக்கறார்! பெரிய தமாஷ்காரர்!” என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளேயும் சிரித்தார்கள். இவர் முகம் வெளுத்துவிட்டது. வாடகை கேட்டால் சிரிக்கிற வீட்டில் எவ்வளவு பிடுங்குவார்களோ என்று அவர் கவலை.

அப்புறம் நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்ல! வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. குளிக்க வெந்நீர் வந்தது. புதுப் பாய், சலவை ஜமுக்காளம், தட்டு நிறைய கல்கண்டு, வெற்றிலை, பூ. ஒவ்வொன்றும் மாடி ஏறி வரும்போது இவர் மனசுக்குள் பில்லை ஏற்றிக்கொண்டே போனார். இரண்டாம் தடவை காப்பி வந்ததும், “எங்களுக்கு ஒரு வேளைக்கு ஒண்ணு போதும்” என்று கையை ஆட்டினார். நான் வாங்கிக் குடித்துவிட்டேன்.

“சாரமில்லை, எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்கோ” என்றார் வீட்டுக்காரர். பரவாயில்லை என்பதற்கு அந்த ஊரில் அப்படித்தான் மலையாளத்தில் சொல்கிறார்கள். “சாப்பாடு மட்டும் அங்கே. காலம்பற சீக்கிரமாக் குளிச்சுத் தயாராயிடணும், கேட்டேளா” என்று தெருக்கோடியில் தெரிந்த பந்தலைக் காட்டினார். கோவில் விசேஷத்துக்குப் போட்ட பந்தல் என்று நான் நினைத்தேன். அதுதான் மெஸ் என்று இவர் தீர்மானித்தார். கண்டிப்பான இடம், மோசமில்லை என்றும் சொன்னார். பிரயாண அலுப்பு வேறு. கையோடு கொண்டுவந்திருந்த பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினோம்.

மறுநாள் காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். என்னைவிட நாலைந்து வயசு மூத்த ஒரு பெண், மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு தடதடவென்று மாடி ஏறி வந்தாள். கையில் பூத்தட்டு.

“நான்தான் கல்யாணப் பொண்ணோட மன்னி. அவளுக்கு அம்மா இல்லை, எல்லாம் என் தலையிலதான். ராத்திரியே வந்து உங்களைப் பார்க்க முடியலை, ஒண்ணும் நினைச்சுக்காதேங்கோ. பாலிகைக்கு நாழியாறது. நாத்தனார் ஸ்தானத்தில நீங்கதானே முதல்ல தெளிக்கணும்? பட்டுப்புடவை கட்டிண்டுடுங்கோ” என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அது லாட்ஜும் இல்லை, வாடகை வீடும் இல்லை. தெருவில் ஒரு கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்து வீடுகளையெல்லாம் ஒழித்துச் சம்பந்தி வீட்டாருக்கு ஜாகை போடுகிற வழக்கம் உண்டல்லவா? அப்படி ஒரு ஜாகையில் நாங்கள் ஜம்மென்று படுத்துத் தூங்கியிருக்கிறோம். எந்தக் கல்யாணக் கூட்டத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தேனோ, அதன் நடுவிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

“நாங்க மாப்பிள்ளையாத்துக்காரா இல்லை. கொழும்பிலேருந்து ஊர் சுத்திப் பார்க்க வந்தவா. வாடகைக்கு அறைன்னு நினைச்சுண்டு…” என்றேன்.

பாதி க்ஷவரத்தோடு முகமெல்லாம் சோப்பு நுரையாக இவர் ஓடி வந்தார். வீட்டுக்காரரும் வந்துவிட்டார். மாப்பிள்ளையின் அக்காவும் அத்திம்பேரும் திருநெல்வேலியிலிருந்து முன்னதாகவே காரில் வருவதாக ஏற்பாடாம். திருநெல்வேலி நம்பர் போட்ட கார், உள்ளே ஒரு தம்பதி, அதனால் சந்தேகமே வரவில்லை அவருக்கு. மன்னி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“அப்போ அவா எங்கே?” என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

அந்தச் சமயத்தில் தெருவில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக வந்து இறங்கினார்கள். மன்னி ஓடினாள். திரும்பி வந்தபோது முகத்தில் களையே இல்லை. மாப்பிள்ளையின் அக்கா வரவில்லையாம். அவள் குழந்தைக்குக் கடுமையான ஜுரம், கிளம்புகிற நேரத்தில் நின்றுவிட்டார்களாம்.

அதற்குள் நாங்கள் பெட்டியைக் கட்டிவிட்டோம். இவர் பர்ஸை எடுக்க, வீட்டுக்காரர் நிஜமாகவே கோபித்துக்கொண்டார். மன்னி மாடிப்படியை மறித்து நின்றாள்.

“எங்கே போறேள்? அந்த அறைக்கு இனிமே ஆளில்லை, நீங்களே இருங்கோ. பாலிகைக்கும் வாங்கோ. தெருவெல்லாம் சுமங்கலிகள், எனக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனா ஒருத்திக்கு வெச்சுக் கொடுக்கன்னு எடுத்துண்டு வந்த பூவைத் திருப்பி எடுத்துண்டு போற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.”

பாலிகை என்ன என்பது பல பேருக்குத் தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள், சின்னச் சின்ன மண் கிண்ணங்களில் பாலில் நனைத்த தானியங்களைப் போட்டு, இரண்டு பக்கத்துச் சுமங்கலிகளும் பால் தெளிப்பார்கள். அது முளைத்துத் தழைப்பதுபோல அந்தத் தம்பதியின் வம்சமும் தழைக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கிண்ணத்தில் நான் கை வைப்பதா? பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லைதான். ஆனால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது.

“எனக்கு ஒரு குழந்தை பிறந்து போயிடுத்து. வேறே இல்லை. என் கை வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன்.

இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மன்னி கையிலிருந்த தட்டைப் பார்த்தபடி தயங்கினாள். அவள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. பாவம், தாயில்லாப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறாள். “சித்த இருங்கோ. மாப்பிள்ளையோட அம்மாவைக் கேட்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது” என்று தட்டோடு கீழே இறங்கிப் போனாள்.

கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா? “கிளம்பலாம்” என்றேன். இவர் மெதுவாக, “இதுக்குத்தான் உறவுக்காரா வீடே வேண்டாம்னு சொன்னேன். எங்கே போனாலும் உன்னை யாராவது ஏதாவது கேட்பா. நீ கூனிக் குறுகி நிக்கறதை என்னால பார்க்க முடியாது” என்றார். அவர் கஞ்சத்தனத்தின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூட்டைப்பூச்சிச் சத்திரம் ஒவ்வொன்றையும் எனக்காகத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மாவே வந்துவிட்டார். பஸ்ஸில் வந்த புழுதி புடவையில் அப்படியே இருந்தது. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. மன்னி பின்னால் நின்றாள். அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. என் எதிரே உட்கார்ந்துகொண்டு, “உன் குழந்தைக்கு ஜுரம் எப்படி ஆரம்பிச்சது?” என்று கேட்டார்.

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தேன். “பால் குடிச்சாளா?” என்றார். “கண்ணைத் திறந்து பார்த்தாளா? உடம்பு தூக்கிப் போட்டுதா? டாக்டர் என்ன சொன்னார்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அவருக்குத் தன் பேத்தியின் கவலை. எனக்கோ, என் குழந்தையைப் பற்றி ஒரு மனுஷி உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் எல்லாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் ஜாக்கிரதையாக இருந்தார்கள். ஜுரத்தில் அவள் என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு விடாமல் கிடந்தாளே, அதைக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதேன். அந்த அம்மாளும் அழுதார்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“என் பேத்தி அங்கே ஜுரத்தில கிடக்கறா. நான் பிள்ளை கல்யாணம்னு இங்கே நிக்கறேன். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளலை. நீ வந்து தெளி. அவளுக்கு உடம்பு தேவலையாகணும்னு வேண்டிண்டு தெளி. ஒரு குழந்தைக்காக உன்னை மாதிரி வேண்டிக்க இந்தக் கூட்டத்தில வேறே யாரால முடியும்?” என்றார். மன்னியின் தட்டிலிருந்து பூவை எடுத்துத் தம் கையாலேயே என் தலையில் வைத்தார்.

நாத்தனார் ஸ்தானத்தில் நான் நின்றேன். பந்தலுக்கு நடுவே மண் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பாலில் நனைத்த பயறும் நெல்லும் கடுகும் எள்ளும் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டன. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடினதும் கண்ணால் காணாத அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டேன். எத்தனையோ மாசமாக மரத்துக் கிடந்த மனசு அன்றைக்கு வாய் ஓயாமல் கெஞ்சியது. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போதும், இவர்களை விட்டுவிடு என்று சுவாமியோடு சண்டைகூடப் போட்டேன். கிண்ணத்தில் பால்தான் விழுந்ததா, கண்ணீரும் சேர்ந்து விழுந்ததா என்று தெரியவில்லை. மன்னி மட்டும் பக்கத்திலிருந்து, “போதும், தானியம் மிதக்கறது” என்று முணுமுணுத்தாள்.

பொன்முடிக்கு அன்று கிளம்பவில்லை. கல்யாணத்துக்கு இருந்தோம். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் மோர் பரிமாறினார். வாடகை கேட்ட கதை தெரு முழுக்கப் பரவியிருந்ததால், இலைக்கு இலை ஆட்கள், “மோர் விலை எப்படி?” என்று அவரைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முகூர்த்த நாள் காலை மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரே இரைச்சல், நாகஸ்வரம், தள்ளுமுள்ளு. நான் பின்னால் ஒரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் கூட்டத்துக்குள் புகுந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அவருடைய மருமகன், அந்தக் குழந்தையின் அப்பா, என்று பிற்பாடு தெரிந்தது. அந்த அம்மாள் பிள்ளையின் மாலையைக்கூடப் பார்க்கவில்லை. சம்பந்திகளை விலக்கிக்கொண்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு, பந்தலுக்குக் குறுக்கே நேராக என்னிடம் வந்தார்.

“ஜுரம் விட்டுடுத்தாம். கஞ்சி குடிச்சாளாம்” என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். தம் கணவரிடம்கூட அதற்கப்புறம்தான் போய்ச் சொன்னார்.

என் வேண்டுதல் பலித்ததா, டாக்டரின் மருந்து கேட்டதா, எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நான் ஒருபோதும் பெருமை பேசினதும் இல்லை. எங்களுக்குப் பின்னால் குழந்தைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். அந்த அம்மாளை நான் மறுபடி பார்க்கவே இல்லை, பெயரைக் கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. ஆனால் இன்றைக்கும் எந்த வீட்டிலாவது குழந்தைக்கு ஜுரம் என்று காதில் விழுந்தால் போதும், நான் இருந்த இடத்திலேயே கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறேன். செத்துப்போன என் குழந்தையைப் பற்றி உட்கார்ந்து கேட்டு, உயிரோடு இருக்கிற குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்ள என்னை மறுபடி ஓர் அம்மாவாக்கியவர் அவர்தான்.